ரஷ்யா சென்ட்டும் பன்னீர்ச் செம்பும்

எண்பத்து மூன்றில், ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்த லட்சுமணனைப் பயிற்சிக்கென்று ரஷ்யாவுக்கு அனுப்பினார்கள். எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் ஆளுக்கொரு சாமான் சொல்லிவிட்டோம். நான் கேமரா கேட்டேன். சுசீலா கம்பளிக் கோட்டு கேட்டாள், ஆவடி வெயிலுக்குப் போட்டுக்கொள்ள. மனிதர் திரும்பி வந்தபோது எங்களுக்கெல்லாம் சட்டையில் குத்திக்கொள்கிற தகர பேட்ஜ். பெண்டாட்டி பார்வதத்துக்கு மட்டும் ஒரு சென்ட் புட்டி.

சிவப்புப் பெட்டி, உள்ளே பட்டுத் துணி, அதன்மேல் குட்டையாக ஒரு புட்டி. கண்ணாடி மூடி கோபுரக் கலசம் போல இருக்கும். மேலே எழுதியிருந்ததை ஒருத்தராலும் படிக்க முடியவில்லை. பெயர் ‘சிவப்பு மாஸ்கோ’ என்றும், அந்த ஊர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இதைத்தான் பூசுகிறார்கள் என்றும் லட்சுமணன் சொன்னார். எங்களுக்கு அது ரஷ்யா சென்ட்.

பார்வதத்துக்குக் கை தாராளம். வரிசையில் யார் கல்யாணத்துக்குக் கிளம்பினாலும் மணிக்கட்டில் ஒரு தொடு தொட்டு அனுப்புவாள். பூசிக்கொண்டவர்கள் சும்மா போவார்களா?

“பல்லு வலிக்கு லவங்கத் தைலம் வெச்ச மாதிரி கீதுக்கா” என்று சுசீலா முகத்தைச் சுளித்தாள். சுளித்தவள் அன்று ராத்திரி வரை அந்தக் கையைக் கழுவவில்லை.

பூந்தமல்லியில் அத்தர் வியாபாரம் செய்கிற குடும்பத்தில் பிறந்து, எங்கள் வரிசைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் ஷரீஃபுன்னிசா. அவள் மூக்குக்கு எதுவும் லேசில் பிடிக்காது. “இதுல ஸ்பிரிட்டு கீது, தொழுவைக்கு ஆவாது. ஆனா சும்மா சொல்லக்கூடாது, நார்த்தம்பூவு மேல பவுடர கொட்டுன மாதிரி கீது” என்றாள்.

கனகாம்பரத்துக்கு வாசனை என்று ஒன்று இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. சொன்னேன். ஒருத்தியும் மதிக்கவில்லை.

லட்சுமணனையே ஒருநாள் கேட்டோம். “எனக்கு இன்னா தெரியும்? ரோடெல்லாம் பனி. ஒரு கடைக்குள்ள பூந்தேன், கதகதன்னு இருந்துச்சு. இத மோந்தா அந்த கதகதப்புதான் ஞாபகம் வருது” என்றார். பார்வதம் சட்டென்று அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

எண்பத்தெட்டில், வேலை முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்த லட்சுமணன் உட்கார்ந்தபடியே போய்விட்டார். பார்வதத்துக்குத் தொழிற்சாலை கேன்டீனில் வேலை கொடுத்தார்கள். மகள் கஸ்தூரியோடு அதே குவார்ட்டர்ஸில் இருந்தாள். பூவும் பொட்டும் போயின. சென்ட்டும் போயிற்று என்றுதான் வரிசையே நினைத்தது.

ஆனால் நான் அடுத்த வீட்டுக்காரி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பார்வதம் ஜன்னலைச் சாத்திக்கொள்வாள். நான் காய்ந்த துணியை எடுக்கிற சாக்கில், துணி காய்ந்தாலும் காயாவிட்டாலும், அந்தப் பக்கம் போய் நிற்பேன். ஜன்னல் இடுக்கில் மெல்ல வரும் அந்த வாசனை. சாயங்காலம் குழாயடிக்கு வரும்போது அவள்மேல் வெறும் சோப்பு வாசனைதான் இருக்கும். பூசிக்கொண்டு, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, கழுவிவிட்டு வருகிறாள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, சுசீலாவையும் ஷரீஃபுன்னிசாவையும் தவிர.

தொண்ணூற்றொன்றில் கஸ்தூரிக்குக் குத்தம்பாக்கத்து மாப்பிள்ளை அமைந்தான். குணசேகரன், அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, வாய் திறக்காத பிள்ளை. திறக்கத் தேவையும் இல்லை. அவன் அத்தை வேம்புலியம்மாள் அந்த வீட்டுக்கே சேர்த்துப் பேசுவாள். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவள். நிச்சயதார்த்தத்தில் பார்வதம் தாம்பூலத் தட்டைத் தூக்கப் போனபோது, “ஏம்மா, நீயும் நானும் தட்ட தொடலாமா? தள்ளி நில்லு” என்று சபையிலேயே சொல்லிவிட்டாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மருதாணிக் கையோடு கஸ்தூரி ஆரம்பித்தாள். நானும் அங்கே இருந்தேன். யாரும் கூப்பிடவில்லை, இருந்தேன்.

“எம்மா, நாளிக்கி அந்த சென்ட்ட பூசிக்கினு எம்பக்கத்துல நிக்கணும் நீ. அப்பா வாசன இல்லாம நான் கழுத்த நீட்டமாட்டேன்.”

“அந்தம்மா மூக்குல பட்டுதுன்னா மேடையிலயே மானத்த வாங்கிடும்டி.”

“வாங்கட்டுமே.”

“என்னோட போனா பரவால்ல. தாலியறுத்தவ சென்ட் அடிச்சிகினு வந்தான்னு காலம்பூரா உன்னியில்ல குத்திக் காட்டும்? நீ வாழப்போற ஊடுடி அது.”

கஸ்தூரி கண்ணீரைத் துடைக்கப் போய் மூக்கெல்லாம் மருதாணி. எனக்குப் பொறுக்கவில்லை.

“வாசல்ல தெளிக்கிற பன்னீருல அத ஊத்திடுவோம். மண்டபமே மணக்கும். எவ மேல இன்னா அடிக்குதுன்னு யாரு கண்டா?”

பார்வதம் பீரோவைத் திறந்து புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். விரற்கடை அளவுதான் மிச்சம்.

“ஊத்திட்டா அவ்ளோதானே, சாமுண்டி?” என்று என்னைக் கேட்டாள்.

நான் பீரோக் கதவைச் சாத்தினேன்.

மறுநாள் காலை கரையான்சாவடி மண்டபத்தில், சமையல்கட்டை ஒட்டிய அறையில் நாங்கள் நான்கு பேர். ஷரீஃபுன்னிசா துளி பஞ்சை சென்ட்டில் நனைத்து, அத்தர் வைப்பதைப் போல பார்வதத்தின் காது மடிப்பில் செருகி முடியை இழுத்து மூடினாள். அப்புறம் பார்வதம் யாரையும் பார்க்காமல் புட்டியைப் பன்னீர்ச் செம்பில் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டு விழுகிறவரை பிடித்துக்கொண்டே இருந்தாள்.

பன்னீர் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது.

“ஐயையோ, பால ஊத்துன மாதிரி ஆயிப்போச்சே!” என்று சுசீலா அலறினாள்.

“வெள்ளிச் செம்புக்குள்ள எவ எட்டிப் பாக்கப்போறா? வாய மூடிகினு திருகு மூடிய போடுடி” என்றாள் ஷரீஃபுன்னிசா.

வாசலில் சுசீலா சந்தனம், ஷரீஃபுன்னிசா கற்கண்டு, நான் செம்பு. கஞ்சத்தனம் பார்க்காமல் தெளித்தேன். “மச்சான், பாயாசத்துல வுழுந்து எழுந்தா மாதிரி கீதுடா” என்று தொழிற்சாலைப் பையன் ஒருத்தன் தோளை மோந்துகொண்டே உள்ளே போனான்.

வேம்புலியம்மாள் வந்தாள். கைம்பெண்கள் மேல் பன்னீர் தெளிக்கிற வழக்கம் இல்லை. அவர்களாகவே சுவரோரமாக ஒதுங்கி நுழைந்துவிடுவார்கள். அவளும் அப்படித்தான் ஒதுங்கினாள். என் கை செம்பை அந்தப் பக்கமும் வீசிவிட்டது. முகத்திலும் புறங்கையிலும் நன்றாகவே விழுந்தது.

தொலைந்தோம் என்று சுசீலா என் முந்தானையைப் பிடித்தாள்.

வேம்புலியம்மாள் முகத்தைத் துடைக்கவில்லை. புறங்கையை மெதுவாக மூக்கருகே கொண்டுபோனாள்.

“எம்மேல ஏண்டி தெளிச்ச?”

“கை தவறிடுச்சு அத்தே.”

“எங்க ஊட்டுக்காரரு போனப்புறம் எம்மேல ஒருத்தியும் தெளிச்சதில்ல.” முன்னும் பின்னும் பார்த்தாள். குரல் இறங்கியது. “இன்னொரு தபா கை தவற வுடு.”

விட்டேன். இந்தத் தடவை தாராளமாகவே.

உள்ளே போனவள் நேராகத் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பார்வதத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். செம்போடு நானும் பின்னாலேயே போனேன். வாசலைச் சுசீலா பார்த்துக்கொள்ளட்டும். வேம்புலியம்மாள் ஒருமுறை மூச்சை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். பார்வதத்தின் காதுப் பக்கம் சாய்ந்தாள்.

“வாசல்ல தண்ணியா இருந்துச்சு. உங்கிட்ட கெட்டியா கீதே.”

பார்வதத்தின் கை பஞ்சை எடுக்கக் காதுக்குப் போனது. வேம்புலியம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எடுக்காத. யாரு வாங்கிக் குடுத்தது?”

“அவருதான்.”

மேளக்காரர் வாத்தியத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வேம்புலியம்மாள் பார்வதத்தின் காதோரத்து முடியை இழுத்துப் பஞ்சை மூடிவிட்டாள்.

“அப்போ தூணுக்கு இன்னாத்துக்கு வாசன காட்டினு குந்தினுகீற? அது பொண்ணாண்ட இல்ல இருக்கணும்? ஏந்திரு.”

பிடித்த கையை விடாமல் பார்வதத்தை மேடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். மாப்பிள்ளை வீட்டார் வரிசையில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். “நான்தான் இட்டாந்தேன். இன்னா இப்போ?” என்றாள். கனைப்பு நின்றது.

கஸ்தூரி திரும்பிப் பார்க்கவில்லை. பார்வதம் பின்னால் வந்து நின்றதுமே கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தாள், குனிந்து கழுத்தைக் கொடுத்தாள்.

கெட்டி மேளத்தில் எல்லாரும் அட்சதை போட்டார்கள். வேம்புலியம்மாள் மட்டும் மேடையோரம் நின்று புறங்கையை மோந்துகொண்டிருந்தாள். அவள் அட்சதை அப்படியே இடது கைக்குள் இருந்தது.