பராமரிப்பு: பெயர்ச்சொல்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகாலுக்குத் தலைமையாசிரியை அறையில் என்னோடு சேர்த்து ஐந்து பேர் இருந்தோம். மேசைக்குப் பின்னால், சுழல் நாற்காலியில், பள்ளியின் தாளாளர். அது தலைமையாசிரியையின் நாற்காலி. அதனால் தலைமையாசிரியை பக்கவாட்டில், கோப்பு அலமாரியை ஒட்டி, விருந்தினர் நாற்காலியில். ஜன்னலோரம் பெற்றோர் சங்கத் தலைவர், மருந்துக்கடை வைத்திருப்பவர். கதவருகே ஸ்டூலில், மடிக்கணினியை மடியில் ஏந்தியபடி, கணினி ஆசிரியர். எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். உட்காரச் சொல்லவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நான் எட்டாம் வகுப்பின் மொழி ஆசிரியர். ஒப்பந்த ஆசிரியர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆண்டு முடியும்போது வேண்டும் என்றால் வைத்துக்கொள்வார்கள்.

"படிங்க," என்றார் தாளாளர்.

கணினி ஆசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு, திரையைப் பார்த்துப் படித்தார்: "பராமரிப்பு. பெண்கள் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாததால், ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்வது. எடுத்துக்காட்டு: பிடிக்க ஆள் வராத நாளில் நான் தண்ணீர் குடிப்பதில்லை."

மருந்துக்கடைக்காரர், "இன்னும் கொஞ்சம் சத்தமா படிச்சிருந்தா என் கடைக்கே கேட்டிருக்கும்," என்றார்.

நடந்தது இதுதான். எங்கள் பள்ளிக்கு இணையவழிக் கற்றல் தளம் ஒன்று உண்டு. பாடக் குறிப்பு ஏற்றவும் தேர்வு வைக்கவும் மட்டுமே எல்லோரும் அதைப் பயன்படுத்திவந்தார்கள். எனக்கு அது போதவில்லை. வினாடி வினாப் பகுதியில் பிள்ளைகளைக் கேள்வி எழுதச் சொல்லி, நான் உட்கார்ந்து பதில் எழுதினேன். இருபதுக்குப் பதினொன்று வாங்கினேன். கருத்துக்கணிப்புப் பகுதியில் கதைக்கு முடிவு எது என்று வாக்கெடுப்பு வைத்தேன். அகராதி என்று ஒரு பகுதி இருந்தது. அதில் பாடப்புத்தகத்துக் கடினச் சொற்களைத்தான் போடுவது வழக்கம். நான் சொன்னேன்: "தெரியாத சொல் வேண்டாம். தெரிஞ்ச சொல்லுக்கு, உங்க வாழ்க்கையில அது என்னவோ அந்தப் பொருளை எழுதுங்க."

பிள்ளைகள் பின்னிவிட்டார்கள். "பொறுமை: திரையில் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது." "விருந்தாளி: இவர் கிளம்பினால்தான் பிஸ்கட் தட்டு நம் பக்கம் வரும்." "சத்தியம்: அண்ணன் பொய் சொல்வதற்கு முன்னால் சொல்வது." தலைமையாசிரியை இதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, 'புதுமையான வகுப்பறைப் பயன்பாடு' என்று கல்வி அலுவலகத்துக்கு அறிக்கை எழுதச் சொல்லி, என்னையே எழுதவைத்து, கீழே தான் கையெழுத்துப் போட்டார்.

அந்த அகராதிக்கு ஒரு குணம் உண்டு. அதில் பதிவான சொல் தளத்தில் வேறு எங்கே வந்தாலும் தானாக நீல நிறமாகிவிடும். தொட்டால் பொருள் விரியும். என் வகுப்புக்குள் மட்டும் வேலை செய்துகொண்டிருந்ததைக் கணினி ஆசிரியர்தான், "பள்ளி முழுக்க வேலை செய்யட்டும் சார், சும்மா அள்ளும்," என்று மாற்றிவைத்தார். போன வெள்ளிக்கிழமை தாளாளர் பெயரில் பெற்றோருக்கு ஒரு சுற்றறிக்கை தளத்தில் ஏறியது. "நமது பள்ளியின் பராமரிப்பு குறித்துப் பெற்றோர் பெருமிதம் கொள்ளலாம்" என்பது அதன் முதல் வரி. அந்த வரியில் ஒரே ஒரு சொல் நீலமாக இருந்தது. திங்கட்கிழமை மாலைக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அதைத் தொட்டிருந்தார்கள்.

"யார் எழுதினது?" என்றார் தாளாளர்.

"பேர் இல்லைங்க," என்றார் கணினி ஆசிரியர். "பாதிப் பிள்ளைங்ககிட்ட போன் கிடையாது. அதனால லேப்ல எல்லாருக்கும் ஒரே கணக்கு. எழுதினவர்னு எட்டாம் வகுப்புன்னுதான் காட்டும். கடைசியாத் திருத்தினவர், அனுமதிச்சவர் பேர் மட்டும் தனியா இருக்கு." என் பக்கம் பார்க்காமல் என் பக்கம் கையைக் காட்டினார்.

"நீங்க படிக்காமலேவா அனுமதிச்சீங்க?"

"படிச்சேன் ஐயா."

"படிச்சுமா?"

"எழுத்துப்பிழை பார்த்தேன். 'தாப்பா'ன்னு இருந்தது. 'தாழ்ப்பாள்'னு மாத்தினேன். 'கழிவரை'ல இடையின ர போட்டிருந்தது. அதையும் மாத்தினேன். காற்புள்ளி நாலு அதிகம். எடுத்துட்டேன்."

மருந்துக்கடைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "வாத்தியாரே, மருந்துச் சீட்டுல விஷம்னு எழுதியிருந்தாலும் ஷ சரியா விழுந்திருக்கான்னுதான் பார்ப்பீங்களா?"

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஒரே இரவில் அறுபத்து மூன்று பதிவுகளைத் திருத்தினேன் என்றோ, எல்லாவற்றையும் அப்படித்தான் திருத்தினேன் என்றோ சொல்லியிருக்கலாம். அது பதிலாகாது.

"அந்தத் தாழ்ப்பாள் விஷயம்..." என்று தலைமையாசிரியை ஆரம்பித்தார்.

"அது வேற விஷயம்," என்றார் தாளாளர். "இப்ப விஷயம், யார் எழுதினதுங்கறது. பள்ளிக்கூடத்தை ஊர் சிரிக்க வெச்ச பிள்ளை இந்தப் பள்ளிக்கூடத்துல இருக்க வேண்டாம். பெத்தவங்க நாளைக்கு வந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிட்டுப் போகட்டும். வாத்தியாருக்குத் தெரியாம இருக்காது."

"சார் ஒரு நோட்டு வெச்சிருக்கார்," என்றார் கணினி ஆசிரியர். அவர் காட்டிக்கொடுக்க நினைத்தாரா, தன் தலையைத் தப்பவைக்க நினைத்தாரா என்பது எனக்கு இன்றும் தெரியாது. "எந்தத் தேதி, எத்தனையாவது மெஷின், யார் உட்கார்ந்தாங்கன்னு வரிசையா எழுதுவார். பதிவுல மெஷின் நம்பர் இருக்கு. ஒன்பது."

"நல்லதாப் போச்சு. நாலு மணிக்குள்ள பேரை எழுதி, உறையில போட்டு ஒட்டி, என் வீட்டுக்கு அனுப்புங்க. இல்லன்னா நோட்டை அனுப்புங்க."

எழுந்து போகும்போது கணினி ஆசிரியரிடம் அந்த நீல நிறத்தை எடுத்துவிடச் சொன்னார். நான் வாசலைத் தாண்டுவதற்குள் எடுத்தாகிவிட்டது.

ஒன்பதாவது மெஷினில் உட்கார்ந்தவளை வகுப்பில் கமா என்று கூப்பிடுவார்கள். மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் காற்புள்ளி வைப்பாள் என்று நான்தான் அந்தப் பெயரை வைத்தேன். நோட்டைத் திறந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை. மதிய இடைவேளையில் அவள் நூலகத்தில் இருந்தாள். அருகில் தண்ணீர் பாட்டில், மூடிவரை நிறைந்திருந்தது.

"நீதானே எழுதினே?"

"ஆமா சார்."

"ஏன் அதுல எழுதினே? என்கிட்ட நேர்ல சொல்லியிருக்கலாமே."

"உங்ககிட்ட எப்படி சார்? நீங்க சார்."

"மேடம்கிட்ட?"

"ஒரு வருஷத்துல ரெண்டு தடவை சொன்னோம். பார்க்கலாம்னாங்க." புத்தகத்தை மூடினாள். "நீங்கதானே சார் சொன்னீங்க, எழுதறதெல்லாம் முதல்ல உங்ககிட்ட வரும், நீங்க படிச்சு விட்ட பிறகுதான் மத்தவங்களுக்குத் தெரியும்னு. அதான் எழுதினேன். நீங்க படிச்சிட்டு, விஷயத்தை எடுத்துக்கிட்டு, அழிச்சிடுவீங்கன்னு நெனச்சேன்."

அந்தத் தளத்தை நான் அத்தனை விதமாகப் பயன்படுத்தியிருக்கிறேன். அதை ஒரு கடிதப் பெட்டியாகப் பயன்படுத்தலாம் என்று அவளுக்குத்தான் தோன்றியிருக்கிறது.

"மறுநாள் பார்த்தேன் சார். பச்சை டிக் இருந்துச்சு. 'கழிவறை'ல ற மாறியிருந்துச்சு. சரி, சார் படிச்சிட்டார்னு தெரிஞ்சுது." நிறுத்தினாள். "ஓடிப்போய் கதவைப் பார்த்தேன்."

வெளியே யாரோ பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"உன் பேரைக் கேக்கறாங்க," என்றேன். "நான் கொடுக்கப் போறதில்லை. நானே மாதிரிக்காக எழுதினேன்னு சொல்லிடறேன்."

நிம்மதிப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கணக்குப் போடுகிறவள் மாதிரி என்னையே பார்த்தாள்.

"மாதிரிக்குன்னா? சும்மா கற்பனையாவா?"

"அப்படித்தான் சொல்லணும்."

"அப்ப கதவு?"

மணி அடித்தது. பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் படித்தது ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடம். கடிதத்துக்கு அனுப்புநர், பெறுநர், பொருள், நாள், இடம், கையொப்பம் என்று எதுவும் தவறக் கூடாது என்று அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பொய் எழுதுவதற்கு எந்த வடிவமும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து இரண்டு பத்தி எழுதினேன். முதல் பத்தி: அந்தப் பதிவு மாணவர்களுக்கு மாதிரியாக நானே கற்பனையில் எழுதியது, பதிவேட்டில் உள்ள திருத்தமும் அனுமதியும் என்னுடையவை, எந்த மாணவருக்கும் தொடர்பில்லை. இரண்டாம் பத்தி: பெண்கள் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்மையிலேயே இல்லை, ஓராண்டாக இல்லை, உடனே பொருத்த வேண்டும்.

மூன்று மணிக்குத் தலைமையாசிரியையிடம் காட்டினேன். தன் நாற்காலிக்குத் திரும்பியிருந்தார். இரண்டு தடவை படித்தார்.

"முதல் பத்தியில கற்பனைங்கறீங்க. ரெண்டாவதுல உண்மைங்கறீங்க. எது சார்?"

"ரெண்டாவதுதான் மேடம் உண்மை. முதல்தான் பொய்."

"அதனாலதான் கேக்கறேன். ரெண்டாவது உண்மைன்னா, ஆம்பளை வாத்தியாருக்கு அந்தக் கதவு எப்படித் தெரியும்னு அவர் கேப்பார். பொண்ணு சொல்லித்தானே தெரியும். எந்தப் பொண்ணு? மறுபடி நோட்டுக்கு வந்துடுவார்."

"அப்ப நீங்க எழுதுங்க மேடம். உங்களுக்குத் தெரிஞ்சதுன்னு எழுதுங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தார்.

"என்கிட்ட ரெண்டு தடவை வந்து சொன்னாங்க. எனக்கு இந்த ரூமுக்குள்ளயே தனிக் கழிவறை இருக்கு. அதனால அவங்க சொன்னது மறந்துபோயிடுது சார். பொய் சொல்லலை, நெஜமா மறந்துபோயிடுது." அப்புறம் குரல் மாறியது. "எனக்கு ஓய்வுபெற இன்னும் ரெண்டு வருஷம்தான் இருக்கு. என்னை எழுதச் சொல்லாதீங்க. ஒண்ணு வேணா செய்யறேன். ஒரே பத்தி இருந்தா, இதோட முடிஞ்சுதுன்னு நானே போன் பண்ணிச் சொல்றேன். நோட்டு உங்ககிட்டயே இருக்கட்டும். யாரும் கேக்க மாட்டாங்க."

"தாழ்ப்பாள்?"

"கற்பனைன்னு எழுதிக் கொடுத்த பிறகு இப்ப உடனே எப்படிப் போடறது? போட்டா அது உண்மைன்னு ஆயிடாதா? கொஞ்ச நாள் போகட்டும்."

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ஆனால் இதைவிடச் சரியான தர்க்கம் அந்த அறையில் அன்று யாரும் பேசவில்லை.

"அடுத்த வருஷம் உங்களை எடுக்க மாட்டார்," என்றார். "அது தெரியுமில்ல?"

"தெரியும்."

"அந்தப் பொண்ணு நல்லாப் படிக்கறவளா?"

"எந்தப் பொண்ணு மேடம்?" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு கோப்புக்குள் குனிந்துகொண்டார்.

புதுத்தாள் எடுத்து முதல் பத்தியை மட்டும் திரும்ப எழுதினேன். 'கற்பனையில்' என்ற சொல்லை எழுதும் இடத்தில் பேனாவை எடுத்துவிட்டு, திரும்ப வைத்து எழுதினேன். அடித்தலோ திருத்தலோ இல்லாமல் வந்தது. இரண்டாம் பத்தி இருந்த தாளைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போடத் தோன்றவில்லை. யாராவது எடுத்துப் படிப்பார்கள். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். எழுந்து ஜன்னலுக்குப் போனபோது, பெண்கள் கழிவறை தெரிந்தது. வெளியே ஒருத்தி, இரண்டு கையாலும் கதவின் கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்து நின்றிருந்தாள். உள்ளே இருப்பவளிடம் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கமா இல்லை, வேறு யாரோ. அவர்களுக்கு அது பழகிவிட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

கடிதத்தை மூன்றாக மடித்து உறையில் போட்டேன். மேலே 'உயர்திரு தாளாளர் அவர்கள்' என்றும், இடது மூலையில் 'நேரில்' என்றும் எழுதினேன். பசை காய்ந்துபோயிருந்தது. மூடியைக் கழற்றி அடியிலிருந்து சுரண்டி எடுத்து, விளிம்பு முழுக்கத் தடவி, அழுத்தி, அதன்மேல் அகராதி ஒன்றைத் தூக்கி வைத்துக் காத்திருந்தேன். மூன்று நாற்பதுக்கு அலுவலக உதவியாளர் வந்தார்.

"என்ன சார், கல்யாணப் பத்திரிகையா, இவ்வளவு பத்திரமா ஒட்டியிருக்கீங்க?"

"ஐயா வீட்டுக்கு. நாலு மணிக்குள்ள."

உறையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பைக்குள் செருகிக்கொண்டு, வண்டியை உதைத்துக் கிளப்பினார்.