தண்ணீரால் பிளந்த பாறை

1

இந்தக் கதை முழுக்க நிஜம் என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். விதை மட்டும் நிஜம். 1963 ஆடியில், ஆலங்குளம் பஸ்ஸில் பின்சீட்டுக்காரர் சொன்னார்: “பாறையத் தண்ணிய வச்சே ஒடைச்சிட்டான்வே.” யார், எங்கே என்று கேட்பதற்குள் இறங்கிவிட்டார். மிச்சத்தை நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

2

முதல் தொடக்கம்: ‘பாறை உறங்கிக்கொண்டிருந்தது, அதன் கனவில்...’ (சே, பாறைக்கு ஏது கனவு? அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: ஆய்க்குடியில் சொக்கம்மாளின் கிணறு வற்றிவிட்டது. ஒற்றை ஆளாக அவள் வளர்த்த எலுமிச்சை மரங்கள் பூத்து நிற்கின்றன. இந்த வாரம் தண்ணீர் பாயாவிட்டால் தோட்டமே பட்டுப்போகும். மேற்கே குற்றாலத்தில் அருவி கொட்டுகிறது. இவள் கிணற்றில் வெறும் பாறை.

கடையநல்லூர் கிதிர் முகம்மது வந்தான். குவைத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டும் வேலையிலிருந்து விடுப்பில் வந்தவன். பாறையைத் துளைத்து, மணல் கலந்த தண்ணீரை உள்ளே அழுத்தினால் பாறை விரியுமாம். விரிசல் மூடாமல் மணல் தாங்கிக்கொள்ளுமாம். எண்ணெயே ஊறும்போது தண்ணீர் ஊறாதா என்றான்.

(இவன்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கொஞ்சம் அளப்பார்கள். ஆனால் சொக்கம்மாள் நம்பிவிட்டாள். நான் என்ன செய்ய?)

3

கிணற்றின் அடியில் துளையிட்டுக் குழாய் இறக்கினார்கள். வண்டியில் வந்த ஆற்றுத் தண்ணீரை மணலோடு குழாயில் ஊற்றுவது சொக்கம்மாள் பொறுப்பு. கிதிர் குழாயை மூடி, மில்லில் இரவல் வாங்கிய கைப்பம்பால் மேலும் தண்ணீரை அழுத்தினான். கீழே ‘டொப்’பென்று ஒரு சத்தம். மூடியைத் திறந்ததும் தண்ணீர் எம்பி வந்தது. சாயங்காலத்துக்குள் நின்றுவிட்டது.

“மணலு உள்ள போச்சாக்கா?”

“தண்ணிதான் போச்சு. மணலத் துணியில வடிகட்டிட்டேன். கெணத்துக்குள்ள யாராவது அழுக்க ஊத்துவாவளா?”

கிதிர் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். பிறகு சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள்.

(இந்த இடத்தில் எண்ணெய் பீறிட்டதாக எழுதிப் பார்த்தேன். சொக்கம்மாள் காகிதத்திலிருந்து நிமிர்ந்தாள். “எண்ணெயவா எலுமிச்சைக்கு ஊத்தச் சொல்லுதீய?” அதையும் அடித்துவிட்டேன்.)

4

மறுநாள் சிற்றாற்று மணலை அவளே அள்ளிவந்து, அரிசி களைவதுபோலக் களைந்தாள். “இப்பம் அழுக்கில்ல” என்று சொல்லி, துணியில்லாமல் ஊற்றினாள். மறுபடி அழுத்தம். மறுபடி சத்தம்.

சோக முடிவு ஒன்றும் கைவசம் இருக்கிறது. சோகத்துக்குப் பத்திரிகைகளில் தனி மரியாதை. ‘விரிசல் மெல்ல மூடிக்கொண்டு, எலுமிச்சைப் பூக்கள்...’ இல்லை, எழுத வரவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

விடிந்ததும் சொக்கம்மாள் வாளியை இறக்குகிறாள். கயிறு கனக்கிறது. கிதிர் இன்னும் வந்து சேரவில்லை. அவள் உங்களைத்தான் பார்க்கிறாள்.

“ஒரு கை பிடிங்க. ஒத்தையில இழுக்க முடியல.”

பேனாவை மூடிவிட்டேன். கயிறு உங்கள் கையில்.