தூசி இல்லாத பள்ளி

தொழிற்சாலை வாசலில் வார்த்தினி விரலை வைத்தாள். வருகைப்பதிவு இயந்திரம் சிவப்பு விளக்கைக் காட்டியது. விரலைத் துடைத்து, ஊதி, மறுபடி வைத்தாள். சிவப்புதான். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

"உங்க ரேகையெல்லாம் எந்த நாற்காலியில ஒட்டிக்கிட்டுக் கப்பலேறிப் போச்சோ, அக்கா!" என்றான் காவல்காரன் பார்ஜோ. அவளைக் கையசைத்து உள்ளே விட்டான்.

ஜெப்பாரா ஊரின் மரச்சாமான் பட்டறைகளில் மரத்தை அறுப்பதும் செதுக்குவதும் ஆண்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது பெண்கள். வருஷக்கணக்காகத் தேக்கு நாற்காலிகளைத் தேய்த்து வார்த்தினியின் விரல் நுனிகள் வழவழத்துவிட்டன. அதைக்கூட அவள் பொருட்படுத்தவில்லை. தூசிதான் அவளுக்கு ஜென்மப் பகை. இருமினால் சளி பழுப்பாக வந்தது. வீட்டில் சோயாத் துண்டான தெம்பேயை வறுத்தாலும் மூக்கில் தேக்குதான் மணத்தது.

மகள் முர்னி பள்ளிப்படிப்பை முடித்ததும் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "உப்புத்தாள் பிடிக்க மாட்டேம்மா. அளந்து, அறுத்து, மூட்டுப் போட்டு, ஒரு நாற்காலிய முழுசா நானே செய்யணும்."

வார்த்தினிக்குப் பெருமைதான். விடுமுறை நாளில் இருவரும் பள்ளி பார்க்கக் கிளம்பினார்கள்.

முதலில் போனது சந்தைக்குப் பின்னாலிருந்த பழைய தொழிற்பள்ளி. தகரக் கூரை, காதைக் கிழிக்கும் ரம்பச் சத்தம், கணுக்கால் வரை மரத்தூள். வாத்தியாரின் புருவம்கூடத் தூள் படிந்து வெளுத்திருந்தது. முர்னி வயதுப் பெண்ணொருத்தி போட்ட மூட்டு ஆடியது. அவர் அதைப் பிரித்து மூலையில் எறிந்தார். "மறுபடி செய்யும்மா," என்றார். மூலையில் அப்படி ஒரு குவியலே கிடந்தது. வார்த்தினி தலைத்துணி நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

அடுத்தது, மரச்சாமான் கம்பெனி ஒன்று நடத்திய பயிற்சிக்கூடம். கட்டணமில்லை, மத்தியானச் சாப்பாடு உண்டு, முடித்ததும் அங்கேயே வேலை. இயந்திரங்கள் வரிசையாகப் பளபளத்தன. பொறுப்பாளர் ஹர்யோனோ, "தூசின்னு ஏதாவது கண்ணுல படுதா, பாருங்க," என்றார். அவள் ரம்ப மேசையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். கையில் ஒன்றும் ஒட்டவில்லை. வயிறு குளிர்ந்துபோனது.

திரும்பும் வழியில் முர்னி முணுமுணுத்தாள். "அங்க அந்தப் பொண்ணு தப்புத் தப்பாவாவது செஞ்சா. இங்க யாரும் எதுவும் செய்யக் காணோமே."

"சாப்பாட்டு வேளைடி. அந்தப் புழுதியில ரெண்டு வருஷம் கெடந்தா என் நெஞ்சுதான் ஒனக்கும். சொன்னாக் கேளு."

முர்னி கேட்டாள்.

சேர்ந்தபின் அவள் பேச்சு குறைந்தது. மாலையில் ஈரத் தலையோடு வருவாள். பயிற்சிக்கூடத்திலேயே குளித்துவிட்டு வருவதாகச் சொன்னாள். எவ்வளவு சுத்தமான இடம் என்று வார்த்தினி பக்கத்து வீட்டில் பீற்றிக்கொண்டாள். "மூட்டுப் போடக் கத்துக் குடுத்தாங்களா?" என்று கேட்டால், "அடுத்த மாசமாம்," என்ற பதில்தான் மாதாமாதம் வந்தது.

ஒருநாள் காலை அவள் தொழிற்சாலையில் மின்சாரம் இல்லையென்று விடுமுறை விட்டுவிட்டார்கள். வார்த்தினி மகளோடு பேசிக்கொண்டே கூடத்து வாசல் வரை நடந்தாள். கண்ணாடிக்குள் இயந்திரங்கள் அதே பளபளப்போடு நின்றன. பின்பக்கக் கொட்டகையில், முகத்தில் துணி கட்டிய பெண்கள் ஆளுக்கொரு நாற்காலியின் முன் உப்புத்தாளோடு குந்தத் தொடங்கியிருந்தார்கள். லாரி ஒன்று காத்திருந்தது.

வாசலில் முர்னி விரலை வைத்தாள். சிவப்பு. விரலைத் துடைத்து, ஊதி, மறுபடி வைத்தாள்.

"போ போ, ஒனக்கு எப்பவும் இதே கூத்துதான்," என்றான் அங்கிருந்த காவல்காரன்.

வார்த்தினி எட்டி அந்தக் கையைப் பிடித்தாள். மகளின் விரல் நுனியைத் தன் கட்டைவிரலால் தடவினாள். இரண்டும் வழுக்கின.

"விடும்மா, நேரமாச்சு," என்று கையை உருவிக்கொண்டு முர்னி கொட்டகைப் பக்கம் நடந்தாள்.