ப்ளெக்ஸில் நின்ற கார்

கல்யாணம் முடிந்து ஒன்பது நாள் ஆகியும் தாராவிச் சந்து முனையில் அந்த ப்ளெக்ஸை யாரும் அவிழ்க்கவில்லை. கூட்டாளிகள் ப்ளெக்ஸ் கட்டாவிட்டால் நம் ஆட்களுக்கு அது கல்யாணமா, கண்ணுகளா? கட்டியவன் பூதத்தான். மாப்பிள்ளை தமிழ்செல்வன் சைக்கிளில் இட்லி விற்கிறவன், சைக்கிள்கூட முதலாளியுடையது. ப்ளெக்ஸிலோ கறுப்புக் கண்ணாடி, பின்னால் வெள்ளைக் கார், தலைக்கு மேல் ‘இளம் தொழிலதிபர்’. பக்கத்தில் மணமகள் இசக்கிசெல்வி.

இசக்கிசெல்விக்கு இரண்டு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் போட்டு, கட்டை ஊன்றித்தான் நடப்பாள். மாதாமாதம் சர்க்கார் உதவித்தொகை வரும். பூட்ஸ் வார் அறுந்தாலும், டாக்ஸி பிடிக்க வேண்டியிருந்தாலும், யார் முகத்தையும் பார்க்காமல் எடுத்துச் செலவழிக்க அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். கல்யாணம் ஆனால் புருஷன் வருமானத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். வரம்பைத் தாண்டினால் தொகை நின்றுவிடும். தெரிந்தும் அவளே உதவித்தொகை ஆபீஸுக்குப் போய்க் கல்யாணம் ஆனதை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

விசாரிக்க வந்த மராத்தி அலுவலர் சந்து முனையிலேயே நின்றுவிட்டார். கார் படத்தைப் பார்க்கத் தமிழ் தெரிய வேண்டாமே. மேலே என்ன எழுதியிருக்கிறது என்று அங்கே நின்றவனைக் கேட்டார். நின்றவன் பூதத்தான். தன் கைவரிசையை ரசிக்க ஓர் ஆள் கிடைத்த பூரிப்பில், ரொம்பப் பெரிய பிஸினஸ்மேன் என்று ஒன்றுக்கு இரண்டாக விளக்கினான்.

வீட்டுக்கு வந்த அலுவலர் வாசலிலேயே ஃபைலை மூடப் போனார். கார் வைத்திருப்பவன் பெண்டாட்டிக்கு உதவித்தொகை எதற்காம்.

இசக்கிசெல்வி கோபப்படவில்லை. கட்டையை எடுத்துக்கொண்டு, அவரைத் திரும்ப ப்ளெக்ஸுக்கே கூட்டிப் போனாள். பின்னால் தமிழ்செல்வன், அவனுக்கும் பின்னால் அவள் அம்மா சொர்ணம்மாள். படத்தில் மணமகள் குதிகால் உயர்ந்த செருப்பில் இரண்டு காலும் ஊன்றி நிமிர்ந்து நின்றாள். யாரோ ஒருத்தியின் உடம்பில் இவள் தலையை ஒட்டியிருந்தான் பூதத்தான்.

இந்தியில்தான் சொன்னாள். நம் பேச்சில் சொன்னால் இப்படி:

“சார், கார் நெசம்னா அந்தக் காலும் நெசந்தான? ரெண்டையும் எனக்கு வாங்கிக் குடுங்க. பொறவு தொகைய நிறுத்துங்க.”

அலுவலர் படத்துக் காலைப் பார்த்தார். இரும்புப் பட்டையைப் பார்த்தார். மீசைக்குள் சிரிப்பை ஒளித்துக்கொண்டு, உண்மை வருமானம் என்ன என்று தமிழ்செல்வனைக் கேட்டார்.

அப்போதுதான் பயலுக்கு வேர்த்தது. பெண் பார்க்கப் போன அன்று மாமியாரிடம் அளந்த தொகை ஒன்று; கையில் நிற்பது அதில் கால்வாசி. அதைச் சொன்னால் உதவித்தொகை போகும், இதைச் சொன்னால் மானம் போகும். பெண்டாட்டியின் பூட்ஸைப் பார்த்தான். வார் அறுந்த இடத்தில் சணல் கட்டியிருந்தது. உள்ளதைச் சொல்லிவிட்டான், இந்தியில், மெதுவாக. மாமியாருக்குப் புரியாதென்று நினைப்பு. பாவம் பயல், சொர்ணம்மாள் முப்பது வருஷம் அந்தச் சந்தில் இந்தியில் மீன் விற்றவள்.

அலுவலர் எழுதிக்கொண்டார். முதலாளியிடம் ஒரு சீட்டு வாங்கிக் கொடுத்தால் போதும், வரம்புக்குள்தான் இருக்கிறது, தொகை வரும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சொர்ணம்மாள் மருமகனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பொண்ணு பாக்க வந்தன்னைக்கு வேற என்னமோ சொன்னியள, மாப்ள?”

அவன் வாய் திறக்குமுன் இசக்கிசெல்வி முந்திக்கொண்டாள். “அது வேற ப்ளெக்ஸும்மா.”

அன்றைக்கே அதை அவிழ்த்தார்கள். வீட்டுத் தகரம் ஒழுகுகிறதென்று இப்போது கூரைக்கு உள்பக்கமாகக் கட்டியிருக்கிறார்கள். மல்லாந்து படுத்தால் இரண்டு பேருக்கும் கார் நன்றாகத் தெரியும்.