நிறுத்தியது நான்தான்

அந்தப் பணிமனையில் பேருந்து ஓட்டிய ஒரே பெண் அவள். எல்லோருக்கும் அக்கா. அவள் வண்டியின் நடத்துநரை ‘ரேடியோ’ என்பார்கள். ஏறியதிலிருந்து இறங்கும்வரை அவன் வாய் ஓயாது.

அன்று மத்தியானம் அந்த வாயும் அடைத்துப்போனது. நகைக்கடையில் கைவரிசை காட்டிவிட்டு ஓடிவந்த ஒருவன் பேருந்தின் முன்வாசலில் தாவி ஏறி, ரேடியோவின் கழுத்தில் கத்தியை வைத்தான்.

“எங்கேயும் நிக்காம ஓட்டு. நின்னா இவன் காலி.”

அக்கா ஓட்டினாள். நிறுத்தங்களைத் தாண்டச் சொன்னான், தாண்டினாள். ஒருவழிப்பாதையில் எதிர்த்திசையில் திருப்பச் சொன்னான், திருப்பினாள்; ஒரு காரை உரசிக்கொண்டுதான் போக முடிந்தது. பயணிகள் மூச்சுவிடவும் பயந்து உட்கார்ந்திருந்தார்கள்.

ஆலை வாசலில் ஷிப்ட் முடிந்த ஆட்கள் சாலையை அடைத்துக்கொண்டு கடந்தார்கள். ஹாரன் அடித்தும் வழி கிடைக்கவில்லை.

“மேல ஏத்துடி” என்றான் அவன்.

அக்கா பிரேக்கை மிதித்தாள். எஞ்சினை அணைத்து, சாவியை உருவி ஜன்னல் வழியே வீசினாள்.

“இவ்வளவு நேரம் நீ சொன்னதெல்லாம் செஞ்சேன். இது மட்டும் என்னால ஆகாது.”

கத்தி ரேடியோவின் தோலைக் கீறியது. ரத்தத்தைக் கண்டு திருடனே மிரண்டுபோய், அவனைத் தள்ளிவிட்டுக் கீழே குதித்தான். ஆலைக்காரர்கள் நாலு எட்டில் மடக்கிவிட்டார்கள்.

அடுத்த வாரம் பணிமனையில் விசாரணை. மேலாளர் நல்ல மனுஷர்தான். கத்திமுனையில் நடந்த எதுவும் அவள் செய்ததாகாது, ஆகவே அவள்மேல் குற்றமில்லை என்று ஒரே பேச்சில் முடிக்கப் பார்த்தார். அக்கா எழுந்து நின்றாள்.

“காரை உரசினது அவன் மிரட்டி நடந்ததுங்க. அதை அவன் தலையில போடுங்க. ஆனா வண்டியை நிறுத்தினது நான். அதையும் சேர்த்துத் துடைச்சிடாதீங்க.”

நிறுத்தியதால் ரேடியோ செத்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று கேட்டார் மேலாளர்.

ஒரு வாரமாக அவள் தூக்கத்தைத் தின்ற கேள்வி அது. ரேடியோ பக்கம் திரும்பாமலே சொன்னாள்: “அப்பவும் நான்தான் நிறுத்தினேன்னு சொல்லியிருப்பேங்க. அந்தப் பாரத்தையும் நானே சுமந்திருப்பேன்.”

கழுத்தில் பிளாஸ்திரியோடு ரேடியோ எழுந்தான். “ஐயா, ஏத்திடு அக்கான்னு நானே மனசுக்குள்ள கெஞ்சினேன். உயிர் பயம். நல்லவேளை, அக்கா காதுல அது விழல. விழுந்திருந்தா, அந்த வண்டியில இனிமே எந்த முகத்தை வெச்சுக்கிட்டு டிக்கெட் கிழிப்பேன்?”

மேலாளர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து அக்காவைக் கும்பிட்டார்.

வாசலில் அவள் புருஷன் நகத்தைக் கடித்தபடி நின்றிருந்தான். உள்ளே என்ன சொன்னார்கள் என்று கேட்டான்.

“நான் ஒண்ணுமே செய்யலைன்னு சொல்லப் பார்த்தாங்க. விடுவேனா?”

நிமிர்ந்து நடந்தவளுக்கு ஈடுகொடுக்க அவன் கொஞ்சம் ஓட வேண்டியிருந்தது.