குளிசை கொடுக்காத நாட்கள்

இராசதுரை பொல்லாத மனிதனில்லை. அதை முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் கேட்கிறவர்கள் காறித் துப்பிவிடுவார்கள்.

சண்டைக் காலம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இயக்கத்துக்காரர் சண்டைக்கு ஆள் சேர்க்க வீட்டுக்கொரு பிள்ளை கேட்டு வந்துகொண்டிருந்தார்கள். அவனுக்கு இருந்ததோ பதினாறு வயதில் ஒரே மகள், பவளம். அவளுடைய வலது தொடை எலும்புக்குள் என்னவோ ஒரு தீராத நோவு. அஸ்பிரின் குளிசை போட்டால் கொஞ்ச நேரத்தில் துள்ளித் திரிவாள். போடாவிட்டால் நொண்டுவாள்.

ஆள் கேட்டு வருகிறார்களென்று காதில் விழுந்ததும் இராசதுரை குளிசையை எடுத்துக் கூரை ஓலைக் கிடுகுக்குள் செருகிவிடுவான். வந்தவர்கள் முன்னால், "நடந்து காட்டு மகள்" என்பான். விற்கப்போகும் மாட்டைப்போல அவளை முற்றத்தில் நடக்கவிட்டான், பாவி. நொண்டுகிற பிள்ளை வேண்டாமென்று அவர்கள் போனபிறகு குளிசையை நீட்டும்போது கை கூசும். தீர்ந்துபோய்ப் புதிதாக வாங்கி வந்ததாகச் சொல்வான். அவளும் ஒன்றும் கேட்கமாட்டாள்.

மனைவி புஸ்பம் இதைப் பொறுக்காமல் அவனோடு முகங்கொடுத்துப் பேசாமல் விட்டபிறகுதான், சமாதானப் பேச்சில் பாதை திறந்திருந்த நேரம் பார்த்து, மகளைக் கொழும்புக்குக் கூட்டிப்போனான்.

அங்கே டொக்டர் பதியுதீன், காத்தான்குடிக்காரர், ஸ்கேன் படத்தைக் காட்டினார். எலும்புக்குள் கடலையளவில் ஒரு கட்டி.

"புற்றுநோய் இல்ல, பயப்படாதீங்க. வெட்டவும் தேவல்ல. ஸ்கேன்ல பார்த்துப் பார்த்து ஊசிய உள்ளுக்கு விட்டு, சூட்டால கருக்கிருவம். நாளைக்கே நடக்கலாம். இந்த நோவு குளிசைக்குக் கேக்குமா?"

"ஓம், நல்லாக் கேக்கும்" என்றான் இராசதுரை.

"அப்ப ஏன் கால் இவ்வளவு மெலிஞ்சிருக்கு? புள்ளைக்கு ஒழுங்காக் குளிசை குடுக்கல்லயா?"

பவளம்தான் சொன்னாள், "அப்பா தாறவர், டொக்டர். நான்தான் போட மறந்து போறன்."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கூரையும் தெரியும், கிடுகும் தெரியும். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருந்தது அவனுக்கு.

ஊசி போன இடத்தில் ஒரு சின்னத் துளை மட்டும். மறுநாள் எழும்பி நடந்தவள், "நோகல்ல அப்பா" என்று சிரித்தாள். அவனால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஊர் திரும்பும்போது மண்முனைத் துறையில் மிதவைப்பாதைப் படகில் ஏறி வாவியைக் கடந்தார்கள். அக்கரையில் அவர்கள் நின்றிருந்தார்கள். முற்றத்துக்கு வந்த அதே முகங்கள். இன்னொருதரம் நொண்டு என்று மகளிடம் எந்த வாயால் கேட்பது? கேட்கவில்லை.

பவளம் அவர்களைப் பார்த்தாள். தகப்பனையும் ஒருதரம் பார்த்தாள். பிறகு இறங்கி நொண்டத் தொடங்கினாள். பொய்யாக நொண்டி அவளுக்குப் பழக்கமில்லை, பாவம். இடது காலை இழுத்தாள்.

இராசதுரை கிட்டப்போய்க் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கச் சொன்னான்:

"வலது கால், மகள்."

அவள் காலை மாற்றினாள்.