கோணல் கூடம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மூலைகூட நேராக இல்லை. தெருமுனையில் கட்டிய கட்டடம். தெரு எப்படி வளைந்ததோ அப்படியே சுவரையும் வளைத்துவிட்டார்கள். இடப்பக்கச் சுவர் சரிந்துகொண்டே போய்ச் சமையலறையில் முட்டும். நட்டநடுவே ஒரு தூண். வலப்பக்கம் பின்னால் சுவரே கிடையாது, பால்கனிக் கதவுதான். சோபாவை எங்கே போட்டாலும், யாரோ பாதி வழியில் இறக்கிவைத்துவிட்டுப் போன மாதிரியே இருக்கும்.

அந்தக் கூடத்துக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தம்பி அட்டைப்பெட்டிகளோடு வந்து இறங்கினான். தியேட்டர்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் ஒலி அமைத்துக் கொடுப்பது அவன் தொழில். "புது வீட்டுக்குக் கையை வீசிட்டு வர முடியுமாக்கா?" என்றான். டிவியைச் சுற்றி முன்னால் மூன்று ஸ்பீக்கர், சோபாவுக்குப் பின்னால் இரண்டு, கீழே தரையில் கனத்த சத்தத்துக்கு ஒரு ஊஃபர்.

என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். எதையும் இரண்டு தரம் சோதித்துப் பார்க்கிற மனிதர். அவருக்கும் என் தம்பிக்கும் ஏழாம் பொருத்தம். முன்பு அவன் வாங்கிக் கொடுத்த இன்வெர்ட்டர் ஒரே மாதத்தில் புகைந்துபோனதை அவர் இன்னும் மறக்கவில்லை, அவனை மறக்கவும் விடவில்லை.

தம்பி பின்பக்க ஸ்பீக்கர்களில் இடதைச் சரிந்த சுவரில் மாட்டினான். வலதுக்குச் சுவர் இல்லாததால் பால்கனிக் கதவோரம் ஒரு ஸ்டாண்டில் வைத்தான். பிறகு சோதனைச் சத்தத்தைப் போட்டான். மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சல், ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வரும்.

அவர் சோபாவின் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"இது எங்கேருந்து வருது அத்தான்?"

"இடப்பக்கம்."

"சரி. இது?"

"இதுவும் இடப்பக்கம்தான்."

தம்பி திரும்பிப் பார்த்தான். "இல்லையே, இப்ப வலது பின்னாடி ஓடுது."

"ஓடுதோ நடக்குதோ, எனக்கு இடப்பக்கம்தான் கேக்குது. ஒயரை மாத்திக் குத்திட்டியா?"

தம்பி ஒயர்களைப் பிடுங்கிப் பார்த்து மறுபடி செருகினான். சரியாகத்தான் இருந்தன. சரிந்த சுவரில் பட்டுச் சத்தம் திரும்புகிறதோ என்று அங்கே ஒரு கனத்த போர்வையைத் தொங்கவிட்டான். இடப்பக்கம்தான். ஸ்டாண்டைத் தூணோரம் நகர்த்தினான். இடப்பக்கம்தான். ஏணி போட்டு ஸ்பீக்கரைக் கூரையோரம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இப்ப?"

"இடது. அதுவும் எங்கேயோ கிணத்துக்குள்ள கேக்குற மாதிரி."

ஏணியிலிருந்து இறங்கிய தம்பியின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. "இந்தக் கூடத்தோட அமைப்பு அப்படி அத்தான். எந்தப் பக்கமும் நேரா இல்லை."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"ஏங்க!" என்றேன் நான்.

"பின்ன என்ன? அன்னைக்கு இன்வெர்ட்டர், இன்னைக்கு இது. நல்ல சரக்கா பாத்து வாங்கத் தெரியலைன்னா எதுக்கு இந்தப் பெருமை?"

தம்பி ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான். அவன் கோபத்தில் கத்துகிறவன் இல்லை. சுருட்டிக்கொண்டு போய்விடுவான், அப்புறம் வருஷக்கணக்கில் வரமாட்டான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அன்றைக்கு நான்தான் மத்தளம்.

"இருடா. நான் கேட்டுப் பாக்குறேன்" என்று அவருக்கு வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன். தம்பி வேண்டாவெறுப்பாகப் பொத்தானை அழுத்தினான். என் வலது தோளுக்குப் பின்னால் மழை பெய்தது. இதைவிடத் தெளிவாகக் கேட்கவே முடியாது.

"வலப்பக்கம் நல்லா கேக்குதுங்க."

அவர் பதில் சொல்லவில்லை. வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறார் என்று நினைத்தேன். மறுபடி சொன்னேன். அப்போதுதான் முகத்தை முழுசாக என் பக்கம் திருப்பி, "என்ன சொன்னே?" என்றார்.

எனக்குச் சட்டென்று உறைத்தது. முந்தின நாள் முழுக்க அவர் அப்படித்தான் திரும்பித் திரும்பிக் கேட்டிருந்தார். போனை வலது காதிலிருந்து இடதுக்கு மாற்றினார். சாப்பிடும்போது, "காது அடைச்ச மாதிரி இருக்கு, சளி போல" என்றார்.

தம்பியைச் சத்தத்தை நிறுத்தச் சொன்னேன். பிறகு ஒன்றும் சொல்லாமல் என் உள்ளங்கையை அவருடைய இடது காதில் வைத்து அழுத்தினேன்.

"என்ன விளையாட்டு இது?" என்று சிரித்தபடி ஆரம்பித்தார். தம்பி எதிரே நின்று, "அத்தான், நான் பேசுறது கேக்குதா?" என்றான். அவர் அவன் வாயையே பார்த்தார். "கேக்குதா அத்தான்?" சிரிப்பு அப்படியே அவர் முகத்தில் நின்றுபோனது. என் கையைத் தட்டிவிட்டு, அடுத்த வீட்டுக்கே கேட்கும்படி, "கையை எடு!" என்று கத்தினார்.

தம்பி அவருக்கு இடப்பக்கம் வந்து குனிந்தான்.

"எப்பலேருந்து அத்தான்?"

"நேத்து காலைல எந்திரிச்சதுலேருந்து. குளிச்சப்போ தண்ணி போயிருக்கும்னு நெனச்சேன். தானா சரியாப் போயிடும் மாப்ள. நாளைக்குப் பாக்கலாம்."

"நாளைக்கெல்லாம் வேணாம்." தம்பி சுருட்டிய ஒயரைக் கீழே போட்டான். "எங்க முதலாளிக்கு இப்படித்தான் திடீர்னு ஒரு காது போச்சு. அடைப்புதான்னு சொட்டு மருந்து விட்டுக்கிட்டே நாளைக் கடத்திட்டாரு. போனது போனதுதான், திரும்பலை. கிளம்புங்க."

"ஞாயித்துக்கிழமை எந்த டாக்டர்டா இருப்பாங்க?"

"உங்க கடைக்கு வர்றவங்க, எழுத்தே தெரியாம எல்லாம் தெரியுதுன்னு சொன்னா நீங்க விடுவீங்களா?" என்றேன். அவர் எழுந்து செருப்பைத் தேடினார்.

வண்டியைத் தம்பி ஓட்டினான். அவர் பின்னால் என்னோடு உட்கார்ந்து, வலது காதோரம் விரல்களைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு சிக்னலிலும் தம்பி ஸ்டீயரிங்கைக் குத்தினான்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டரம்மா காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். அழுக்கும் இல்லை, சளியும் இல்லை. தட்டினால் ரீங்கரிக்கிற ஓர் இரும்புக் கவையை அவர் நெற்றியில் வைத்து, "எந்தப் பக்கம் கேக்குது?" என்றார்.

"இடப்பக்கம்" என்றார் அவர். இந்தத் தடவை அந்தச் சொல் மெல்ல, பயந்து வந்தது.

காது நரம்பில் கோளாறு என்றார் டாக்டரம்மா. அன்றைக்கே மருந்து தொடங்கினார். "சீக்கிரம் வந்தது நல்லது. ஆனா எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது."

அடுத்த நாட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கழிந்தன. மாத்திரையால் அவருக்குத் தூக்கம் போனது, காரணமில்லாமல் எரிந்து விழுந்தார். தம்பி வேலை முடிந்து தினமும் வந்தான். கூடத்தில் கிடந்த ஸ்பீக்கர்களை ஓரங்கட்டிவிட்டு, அவரோடு சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவான். இன்வெர்ட்டர் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

இரண்டாவது வாரம், பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ஒரு கூச்சல். ஓடினேன். போனை வலது காதில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார், கண் கலங்கி. "உன் தம்பிதான். தகரத்துல பேசுற மாதிரி இருக்கு. ஆனா கேக்குதுடி."

முழுதாகத் திரும்பவில்லை. மெல்லிய சத்தங்கள் இன்னும் பிடிபடுவதில்லை. வலது காதில் ஓயாமல் ஒரு ரீங்காரம் உண்டு. இதற்கு மேல் தேறுவது சந்தேகம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி ஸ்டாண்டை மறுபடி பால்கனிக் கதவோரம் நிறுத்தினான்.

"மாப்ள, அந்த வலதை மட்டும் எனக்காகக் கொஞ்சம் ஏத்தி வை."

"ஏத்தினா அக்காவுக்குக் காது கிழியுமே அத்தான்."

"அவ கத்துறதை நான் இத்தனை வருஷம் தாங்கலையா?"

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். நான் முறைத்துவிட்டு, அவருக்கு இடப்பக்கம் போய் உட்கார்ந்தேன்.